சூடு காட்டாத கல்

ஃபிளாஸ்கில் திரவ நைட்ரஜனின் மட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. கொளஞ்சி அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். எழுந்து போய் மூலையில் நிற்கிற கேனைச் சாய்த்து இரண்டு குவளை ஊற்றினால் முடிந்தது, அது ஒன்றும் மலையைப் புரட்டுகிற வேலை இல்லை, இத்தனை வருஷமாகத் தூக்கக் கலக்கத்தில்கூடச் செய்கிற வேலைதான். ஆனால் இன்றைக்குக் கால் எழவில்லை. ஊற்றாவிட்டால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். கண்ணாடிக் குழாயின் அடியில் கிடக்கிற அந்தக் கருப்புக் கல்தூள் கடுங்குளிரில் முங்கியிருக்கிற வரைக்கும்தான் இந்த மிஷின் சொல்வதற்கு மதிப்பு. கொஞ்சம் கொஞ்சமாக வாயுவை உள்ளே அனுப்பும், கல் தன் துளைகளுக்குள் அதை இழுத்துக்கொள்ளும், எவ்வளவு இழுத்தது என்று திரையில் ஒரு புள்ளி விழும். டக். அடுத்த புள்ளிக்குக் காத்திருக்க வேண்டும். குளிர் திரவம் ஃபிளாஸ்கில் போட்டிருக்கிற கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டால் கல்லுக்குச் சூடு ஏறும், புள்ளிகள் கண்டபடி விழும், காலையிலிருந்து ஓடியதெல்லாம் குப்பை. அப்போது "மிஷின் மக்கர் பண்ணிடுச்சு சார்" என்று ஒரு வரி சொன்னால் போதும். யாரும் ஏன் என்று கேட்கப்போவதில்லை. கேட்கக்கூடிய ஒரே ஆள் அந்த வரியைத்தான் எதிர்பார்த்துக் காத்திருக்கிறார். ஒரு பொய்கூட இல்லை அதில். சும்மா உட்கார்ந்திருந்தால் போதும், இந்த ஸ்டூலிலேயே, காலை ஆட்டிக்கொண்டு. திங்கட்கிழமை இன்டர்வியூ. நிரந்தர வேலைக்கு அவள் வயசில் இனி இன்னொரு இன்டர்வியூ கிடையாது. அங்கே மேஜைமேல் வைக்க அவளிடம் இருப்பது ஒரே ஒரு கட்டுரை, இந்தக் கல்லைப் பற்றியது, அவள் பெயர் முதலாவதாக இருக்கிற ஒரே ஒன்று. அது அச்சேறுமா ஏறாதா என்பது இந்த ஃபிளாஸ்கில் இருக்கிறது. டக். இன்னொரு புள்ளி. அது விழுந்த இடம் அவளுக்குப் பிடிக்கவில்லை.

மிகவும் கீழே விழுந்தது. போன வருஷம் இதே கல், இதே எடை, புள்ளிகள் மாடிப்படி ஏறுகிற மாதிரி ஏறின. ஷேல் என்று சொல்வார்கள், எண்ணெய் ஊறிய பாறை, ஸ்லேட்டுப் பலகையை அடுக்கிவைத்த மாதிரி இருக்கும், நகத்தால் கீறினால் பழுப்பாகக் கோடு விழும். அதன் உள்ளே எத்தனை துளை, எவ்வளவு அகலம், எப்படி வளைந்து நெளிந்து ஒன்றுக்குள் ஒன்று போகிறது என்று கண்டுபிடிப்பதுதான் இந்த லேபின் வேலை. வாயு உள்ளே போகிற வழியும் வெளியே வருகிற வழியும் ஒன்றாக இருந்தால் அது சாதுவான கல். போவது ஒரு கோடாகவும் வருவது வேறு கோடாகவும் இருந்து நடுவில் வயிறு விழுந்தால், உள்ளே வாய் குறுகி வயிறு பெருத்த செம்பு மாதிரித் துளைகள் இருக்கின்றன என்று அர்த்தம், போவது சுலபம், வருவதுதான் பாடு. அந்த வயிற்றின் அளவிலிருந்து கணக்குப் போட்டு ஒரு எண்ணைப் பிடிப்பார்கள். இரண்டுக்குப் பக்கத்தில் இருந்தால் வழவழப்பான கல், மூன்றை நெருங்க நெருங்க உள்ளே ஒரே சிக்கல். லேபை நடத்துகிற சற்குணம் சாரின் கற்கள் எல்லாம் இரண்டு புள்ளி எட்டு. இந்தியாவில் எந்த மாநாட்டுக்குப் போனாலும் அவர் திரையில் அந்த வயிறு பெருத்த படத்தைப் போட்டுவிட்டு, "நம்ம கல்லு மாதிரிச் சிக்கலான கல்லு உலகத்துலயே நாலஞ்சு எடத்துலதான் இருக்கு" என்பார். அந்த "நம்ம" கேட்கிறவர்களுக்கு உடம்பெல்லாம் புல்லரிக்கும். பெற்றவர்கள் சற்குணம் என்று பெயர் வைத்ததோடு கடமை முடிந்தது என்று இருந்துவிட்டார்கள் போல. கல்லை மிஷினில் போடுவதற்கு முன்னால் ஈரம் போகக் காயவைக்க வேண்டும், அது எல்லா லேபிலும் உள்ள வழக்கம்தான். சார் கல்லுக்கு வருவதற்கு முன்னால் ரசாயன ஆலைகளுக்கான வினையூக்கிப் பொடிகளில் வேலை பார்த்தவர். அங்கே முன்னூறு டிகிரியில் ராத்திரி முழுக்கக் காயவைப்பார்கள், அந்தப் பொடிகள் அதைத் தாங்கும். அந்தப் பழக்கத்தை அப்படியே இங்கே கொண்டுவந்து வைத்தார். இந்த லேபில் எது மாறினாலும் அந்த முன்னூறு மாறியதில்லை. அடுப்பின் குமிழ் அங்கேயே நின்று நின்று துருப்பிடித்து, இந்தத் தடவை அதை நூற்றுப்பத்துக்குத் திருப்ப அவள் எண்ணெய் விட வேண்டியிருந்தது.

வாசனை. காலையில் அடுப்பைத் திறந்தால் ஒரு வாசனை வரும், புதிதாகத் தார் போட்ட ரோட்டில் மழை பெய்த மாதிரி, கொஞ்சம் மண்ணெண்ணெய், கொஞ்சம் கருகல். கீழே முதல் மாடி வரைக்கும் போகும். கணக்குப்பிரிவுக்காரர்கள்கூட மேலே வந்து, "என்ன, சாம்பிராணி போட்டாச்சா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். சாரும் சிரிப்பார். அந்தச் சொல் சாருக்குப் பிடித்துப்போய், "கொளஞ்சிம்மா, நாலு கல்லுக்குச் சாம்பிராணி காட்டிடு" என்றே சொல்ல ஆரம்பித்தார். கட்டடம் முழுக்க மூக்கு இருந்தது. போவது என்ன என்று கேட்கத்தான் ஒருவருக்கும் தோன்றவில்லை. காயவைத்த பிறகு கல்லின் எடை குறையும், அதற்கு நேரே "ஈரம்" என்று எழுதுவார்கள். பாலைவனத்தில் தோண்டி எடுத்த கல்லில்கூட அவ்வளவு ஈரம் இருந்தது, யாருக்கும் உறுத்தவில்லை. அவளுக்கு உறுத்தியது மூக்கில் இல்லை, நாக்கில். பாறைக்காரர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு, கல்லைக் கையில் எடுத்தால் நக்கிப் பார்ப்பார்கள். நாக்கில் ஒட்டினால் துளை உள்ள கல், ஒட்டாவிட்டால் இல்லை. மற்றவர்கள் இதைப் படிக்க வந்த பிறகு கற்றுக்கொண்டார்கள். விருத்தாசலத்தில் பீங்கான் சூளைக்குப் பக்கத்துத் தெருவில் வளர்ந்தவளுக்கு அது ஐந்து வயசு விளையாட்டு, சூளையில் முதல் சூடு காட்டி எடுத்த பொம்மையை நாக்கில் தொங்கவிட்டுக்கொண்டு தெரு முழுக்க ஓடுவார்கள், சுடாத பொம்மை ஒட்டாது, மண் கரையும், அவ்வளவுதான். சேர்ந்து இரண்டாவது வருஷமோ என்னவோ, ஒருநாள் சும்மா இருக்க முடியாமல் அடுப்பில் வைப்பதற்கு முன்னால் கல்லை நக்கினாள். கண்ணாடி மாதிரி வழுக்கியது. மறுநாள் காலை அதே கல்லை நக்கினாள். நாக்கைப் பிய்த்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. நேராக சார் அறைக்குப் போய்ச் சொன்னாள். சார், எண்ணெயே போயிடுது, துளைய நாமதான் திறக்கிறோம்னு தோணுது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாக்க வச்சுப் பேப்பர் எழுத முடியாதும்மா." சொல்லிவிட்டு அவரே ரசித்துச் சிரித்தார், இவளும் சிரித்தாளா இல்லையா, அது இப்போது ஞாபகம் வரவில்லை. சிரித்திருப்பாள். வேறு என்ன செய்ய முடியும் அந்த அறையில்.

நேற்றைக்கு அதே அறை. கட்டுரை அனுப்பியிருந்த ஆய்வுப் பத்திரிகையிலிருந்து பதில் வந்திருந்தது. கட்டுரையைச் சோதித்துப் பார்க்கிற முகம் தெரியாத ஒரு ரெவ்யூவர், எந்த ஊர்க்காரனோ, மூன்றே வரியில் கேட்டிருந்தான்: முன்னூறில் காயவைத்தால் பாறையின் எண்ணெய் ஆவியாகாதா, சூடு குறைத்து ஒரு கல்லையாவது ஓட்டிக் காட்டுங்கள். அவளுக்குப் படித்ததும் முதலில் வந்தது சந்தோஷம். அப்புறம்தான் திங்கட்கிழமை ஞாபகம் வந்தது. சார் நிதானமாக இருந்தார். "ரெவ்யூவர்னா ஏதாவது கேக்கத்தான்மா செய்வான். கேக்கலைனா அவனுக்கு என்ன வேலை. ஓட்டு, ஒண்ணு ஓட்டு. ஓட்டிட்டு..." பேனாவை மூடினார். ஜன்னலைப் பார்த்தார். "அந்த மிஷின் பழசு இல்ல? நடுவுல நடுவுல மக்கர் பண்ணும்." "இப்பல்லாம் பண்றதில்ல சார்." "பண்ணும்மா. பழசுதான." அவ்வளவுதான், அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. அதன் பிறகு இன்டர்வியூவுக்கு என்ன உடுத்திக்கொண்டு வரப்போகிறாய் என்று அக்கறையாகக் கேட்டார், காட்டன் புடவை நல்லது என்றார், குழுவில் தானும் ஒரு ஆள் என்பதை அவளுக்குத் தெரியாத செய்தி போலச் சொன்னார். கெட்டிக்காரர். கையில் கறை படாது. மிஷின் பழுது, மறுபடி ஓட்ட வசதியில்லை, இருப்பதை வைத்து முடிவெடுக்க வேண்டுகிறோம் என்று அவரே ஆங்கிலத்தில் அழகாக எழுதிவிடுவார், அந்தப் பத்திரிகையில் அவருக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், கட்டுரை வந்துவிடும். அவர் அவளிடம் எதையும் செய்யச் சொல்லவில்லை. செய்யாதே என்றுகூடச் சொல்லவில்லை. மிஷினைப் பற்றி ஒரு வார்த்தை பேசினார், அவ்வளவுதானே. நாளைக்கு யாராவது கேட்டால் அதுதான் நிற்கும். டக்.

போன் அதிர்ந்தது. தனவேல். எடுக்கலாமா வேண்டாமா என்று யோசிப்பதற்குள் விரல் எடுத்துவிட்டது. "எங்க இருக்க? குரலே வரலயே." "லேப்ல. மிஷின் ஓடுது." "சாப்டியா?" "ம்." பொய். காலையில் தின்ற இட்லிதான். அவளுடைய புருஷன் தாம்பரம் தாண்டி ஒரு தனியார் கல்லூரியில் கணக்கு வாத்தியார், பசங்கள் சேராத கல்லூரி, சேர்த்துவிடச் சொல்லி விடுமுறையில் வாத்தியார்களையே ஊர் ஊராக நோட்டீஸ் கொடுக்க அனுப்புகிற கல்லூரி. பண்ருட்டி பஸ் ஸ்டாண்டில் அவன் நோட்டீஸோடு நின்றதை அவளுடைய சித்தப்பா பார்த்துவிட்டு வீட்டில் சொன்னார். அதிலிருந்து அந்தப் பக்கமே அவன் போவதில்லை. "என்ன ஆச்சு, அது சரியா வருதா?" "வரல." "வரலைனா?" "துளை இல்ல. சூடு காட்டாம ஓட்டினா துளையே கம்மியாத்தான் இருக்கு." அவனுக்குப் பின்னால் யாரோ மணி அடித்தார்கள். "கொளஞ்சி, நான் ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காத. கல்லுல ஓட்ட இருந்தா என்ன, இல்லைனா என்ன? யாரு போயி பாக்கப் போறா உள்ள?" "அதான் நான் பாக்கறனே." "நீதான. நீ பாத்துக்க, வச்சுக்க. திங்கக்கெழம முடியட்டும், அப்புறமா சொல்லிக்கலாம்." அவன் கெட்டவன் இல்லை. ஒரு நாளும் அவளை வேலைக்குப் போகாதே என்று சொன்னவன் இல்லை, அவள் படித்து முடிக்கிற வரைக்கும் சமையலே அவன்தான். அதனால்தான் இன்னும் எரிச்சலாக இருந்தது. திட்டிவிட்டு வைக்கக்கூட வழியில்லாத மாதிரி ஒரு மனுஷன். "சரி, வைக்கிறேன், நைட்ரஜன் ஊத்தணும்" என்றாள். வைத்தாள். ஊற்றவில்லை.

அப்புறமா சொல்லிக்கலாம். எப்போது. வேலை நிரந்தரமான பிறகா, நிரந்தரமான கை எதற்கு எழுந்து உண்மை சொல்லப் போகிறது, அப்போது தவணை இருக்கும், பதவி உயர்வு இருக்கும், அவளுக்குக் கீழே நாலு பேர் இருப்பார்கள், அவர்களுக்கும் அவள் முன்னூறு டிகிரி என்று சொல்லிக்கொடுப்பாள், சாம்பிராணி என்று சிரிப்பாள். நினைக்கும்போதே நாக்கு கசந்தது. சரி, ஊற்றினால்? ஊற்றினால் கோடு முழுசாக வரும், வந்தால் கட்டுரை போச்சு, கட்டுரை போனால் திங்கட்கிழமை போய் உட்கார்ந்து என்ன சொல்வது, ஆறு வருஷம் என்னம்மா பண்ணின என்றால் கல்லை வறுத்தேன் சார் என்றா. வெளியே வராந்தாவில் மற்றவர்கள் இருப்பார்கள், அழுத்திச் சீவின தலை, ஃபைல், ஸ்டீபன், ஐஸ்வர்யா என்று அழகழகாகப் பெயர்கள். பியூன் வந்து "கொளஞ்சியம்மாள்" என்று கூப்பிடுவான், நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். கொளஞ்சியப்பர் கோவிலில் வேண்டிக்கொண்டு பிறந்த பிள்ளை, அம்மா வைத்த பெயர். எங்கள் ஊரில் தெருவுக்கு நாலு கொளஞ்சி என்று முதல் வருஷமெல்லாம் இவளே முந்திக்கொண்டு சொல்லிச் சிரிப்பாள், அவர்கள் சிரிப்பதற்கு முன்னால். இப்போது அந்தத் தெம்பும் போய்விட்டது. ஊற்றாமல் இருப்பது பொய்யா? எதையும் மாற்றவில்லையே, எண்ணைத் திருத்தவில்லையே, ஒருத்தி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள், தலைவலி, தூங்கிவிட்டாள். மனுஷி தூங்கக் கூடாதா. தூங்கிவிட்டேன் என்றே சொல்லலாம், அதுகூட வேண்டாம், மிஷின் பழசு. ஃபிளாஸ்கின் பக்கத்தில் வெள்ளைப் புகை முன்னைவிட மெலிதாக ஓடியது. கோட்டுக்கு இன்னும் ஒரு விரற்கடை. மேலே ஏசியிலிருந்து தண்ணீர் ஒரு பக்கெட்டில் சொட்டிக்கொண்டிருந்தது. பக்கெட் நிரம்பப் போகிறது, அதையும் அவள்தான் கொட்ட வேண்டும். இந்த லேபில் எதுவும் தானாக நிரம்பும், தானாகக் காலியாகும், நடுவில் நிற்க ஒரு கொளஞ்சி வேண்டும். சார் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, இந்தக் கேனைத் தூக்கியிருப்பாரா?

அந்த நினைப்பில்தான் எழுந்தாள். நேர்மை, அறம் என்ற பெரிய பெரிய வார்த்தைகளை எல்லாம் இங்கே கொண்டுவர வேண்டாம், அவளும் கொண்டுவரவில்லை. வயிற்றெரிச்சல். திரையில் இந்தக் கோடு கீழே இறங்கி முடிகிறபோது அந்த மனுஷன் முகம் என்னவாகும் என்று பார்க்க வேண்டும் போல இருந்தது, அவ்வளவுதான் முதலில் இருந்தது. இன்னொன்றும் இருந்தது, அதைச் சொல்லாவிட்டால் அவளுக்கு நியாயம் செய்ததாகாது: அந்தக் கல்லுக்குள் உண்மையில் என்னதான் இருக்கிறது என்று அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. கையுறையை மாட்டிக்கொண்டு கேனைச் சாய்த்தாள். குளிர்ப்புகை மணிக்கட்டைச் சுற்றி வழிந்து தரையில் உருண்டு மேஜைக்கடியில் போய் மறைந்தது. திரவம் கொதித்துக் கொந்தளித்து அடங்கிக் கோட்டுக்கு மேலே நின்றது. இரண்டாவது குவளை. மூடியை வைத்தாள். அவ்வளவுதான், ஆகிவிட்டது. கையுறையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் ஒரு மிதப்பு வந்தது, வாழ்க்கையிலேயே முதல்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்த மாதிரி. குழுவின் முன்னால் நிற்கிறாள், நல்ல காட்டன் புடவை, ஐயா, இந்த ஆறு வருஷ வேலையில் தப்பு இருக்கிறது, அதைக் கண்டுபிடித்ததும் நான்தான், இதோ கோடு. ஒரு கிழவர், வெளியூர்க்காரர், நிமிர்ந்து பார்க்கிறார். சற்குணம் சார் தண்ணீர் குடிக்கிறார். அல்லது எவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை, போகலாம் என்கிறார்கள், அவள் போகிறாள், பஸ்ஸில் ஜன்னல் சீட், காற்று, தனவேலிடம் சொல்கிறாள், அவன் தட்டில் சோறு போடுகிறான். போகட்டும். பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கலாம். எட்டாம் வகுப்புக்குப் பாறைகள் பாடம் உண்டு. மூன்று வகைப் பாறை. சொல்லிக்கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். அவளுக்குத் தன்னை நினைத்தே கொஞ்சம் கண் கலங்கியது, அதை அவள் ரசிக்கவும் செய்தாள்.

ஆறு மணிக்கு மேல் கோடு திரும்பியது. ஏறி முடித்து இனி இறங்குகிற வழி. இங்கேதான் வயிறு விழும், இங்கேதான் வருஷக்கணக்காக விழுந்தது. புள்ளிகள் ஒவ்வொன்றாக வந்து, ஏறின புள்ளிகளின்மேல் கிட்டத்தட்ட அப்படியே உட்கார்ந்தன. மெலிசாக ஒரு இடைவெளி, நூல் அளவு. செம்பும் இல்லை, குடமும் இல்லை. வாயு போன வழியே திரும்பி வருகிற சாதுவான கல். கணக்குப் போட்டாள், கால்குலேட்டரில் இரண்டு தடவை. இரண்டு புள்ளி மூன்று. அவளுக்கு முன்னாலேயே தெரியும், நாக்குக்குத் தெரியும், ஆனாலும் திரையில் பார்த்தபோது வீட்டில் சாவு விழுந்த மாதிரிதான் இருந்தது. மடித்து மடித்து உள்ளே போகிற அந்தக் குகைகளை, அவள் படம் வரைந்து வண்ணம் போட்டு அளந்து அளந்து பெயர் வைத்த அந்தத் துளைகளை எல்லாம் பூமி செய்யவில்லை. பூமி அந்த இடத்தையெல்லாம் எண்ணெயால் நிரப்பி மூடி வைத்திருந்தது. இவர்கள் அதை ராத்திரி ராத்திரியாக வறுத்துப் புகையாக விட்டுவிட்டு, மிச்சமிருந்த ஓட்டைகளை எண்ணி, என்ன சிக்கலான கல் என்று ஆச்சரியப்பட்டார்கள். எண்ணெய் எங்கே இருக்கிறது என்று தேடுகிற லேப் இது. அவள் வாய்விட்டே ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள், ஊரில் சின்ன வயசில் கேட்டது, இத்தனை வருஷத்தில் இந்தக் கட்டடத்தில் ஒரு தடவைகூடச் சொல்லாதது. யாரைச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

கதவு திறந்தது. சற்குணம் சார் வீட்டுக்குப் போகிற கோலத்தில், ஒரு கையில் கார் சாவி, ஒரு கையில் டிபன் பை. "என்னம்மா, இன்னும் போகலயா? மிஷின் என்ன சொல்லுது?" "ஓடிச்சு சார். மக்கர் பண்ணல." அவர் அதைக் காதில் வாங்கியதாகக் காட்டிக்கொள்ளவில்லை. டிபன் பையை மேஜையில் வைத்துவிட்டுக் குனிந்து திரையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அவள் அவர் முகத்தையே பார்த்தாள், இதற்காகத்தானே ஊற்றியது. கன்னத்தில் ஒரு நரம்பு இரண்டு தடவை துடித்தது. அவ்வளவுதான். "எவ்ளோ வருது?" "ரெண்டு புள்ளி மூணு." "ம்." கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், போட்டார். அதற்குள் அவர் எங்கேயோ போய்த் திரும்பி வந்திருந்தார், முகம் தெளிந்திருந்தது. "அடடா" என்றார் மெதுவாக. "அடடா, கொளஞ்சிம்மா. சுடாத கல்லு ரெண்டு புள்ளி மூணு, சுட்டா ரெண்டு புள்ளி எட்டு. நடுவுல எரநூறு, எரநூத்தம்பதுன்னு நாலு ஓட்டினா, சூடு ஏற ஏற துளை எப்படித் திறக்குதுன்னு முழுக் கதையும் வந்துடும். எண்ணெய் எடுக்கறவனுக்கு இதுதான வேணும்? இதத்தான நாம தேடிக்கிட்டு இருந்தோம்?" "நாம தேடலையே சார்." "தேடினோம்மா. உனக்கு ஞாபகம் இல்ல." அவர் குரலில் ஒரு கோபமும் இல்லை, நிஜமாகவே பரிதாபப்படுகிற குரல். "அந்தப் பேப்பர நானே திருப்பி வாங்கிக்கறேன். தலைப்ப மாத்தி, இதச் சேத்து, பெரிசா போடுவோம். உன் பேருதான் முதல்ல. ரெவ்யூவருக்கு நன்றி சொல்லி ஒரு வரி எழுதிடலாம், பாவம்." நாக்கை வைத்துப் பேப்பர் எழுத முடியாது என்று சொன்னீர்களே என்று அவளுக்குத் தொண்டை வரைக்கும் வந்தது. மத்தியானம் முழுக்க மனசுக்குள் பேசிய பேச்சு, குழு, கிழவர், தண்ணீர் டம்ளர், எல்லாம் வரிசையாக வாசல் வரைக்கும் வந்து நின்றன. "திங்கக்கெழம கேப்பாங்க" என்றார் அவர், டிபன் பையை எடுத்துக்கொண்டே. "ஏன் முன்னூறுன்னு கண்டிப்பா ஒருத்தன் கேப்பான். ஆரம்பத்துலேர்ந்தே இதான் பிளான், முதல்ல சுட்டது, அப்புறம் சுடாததுன்னு சொல்லிடு. நீ யோசிச்ச பிளான்னே சொல்லு, எனக்கு ஒண்ணும் இல்ல. நான் பக்கத்துலயே இருப்பேன். சொல்லுவல்ல?"

"சொல்றேன் சார்" என்றாள் கொளஞ்சி. குரல் தடுமாறவில்லை. அவர் கேட்டு முடிக்கிறதுக்கும் அவள் சொல்லி முடிக்கிறதுக்கும் நடுவில் மூச்சு விடுகிற நேரம்கூட இல்லை. ஒரு ஃபிளாஸ்கை நிரப்புவதா வேண்டாமா என்று மத்தியானம் முழுக்க யோசித்தவள், இதற்கு யோசிக்கவே இல்லை.